அப்பா எழுதிய இரண்டாவது விடைத்தாள்

அப்பா டவர் கிரேன் ஓட்டுநர். இருபத்தாறு வருடம். கட்டட வேலை நடக்கும் இடங்களில், ஐம்பது மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டு. காலை ஆறே முக்காலுக்கு ஏணியில் ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், அவசரத்துக்கு ஒரு காலி பாட்டில், எல்லாம் ஒரே தோள்பையில் மேலே போகும். கீழிருந்து சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் ஏத்து, இறக்கு, நிறுத்து என்பார். அப்பா சரி என்பார். நாள் முழுக்க அவர் பேசுவது அவ்வளவுதான். சைட்டில் அவருக்குக் கிண்டலாக வைத்திருந்த பெயர் வானொலி.

வீட்டிலும் அதே அளவுதான். அம்மா இருந்தவரை அது உறைக்கவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து அம்மாவே பேசினாள். அம்மா போன பிறகு நானும் அப்பாவும் ஒரே மேசையில் சத்தமில்லாமல் சாப்பிட்டோம். நான் ஓர் ஆய்வகத்தில், அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பவள். எனக்கும் பேச்சு வராது.

அம்மா இறந்த ஒன்பதாவது மாதம், கம்பிக் கட்டு ஒன்றை இறக்கும்போது ‘நிறுத்து’ என்றது அப்பாவின் காதில் ஏறவில்லை. கட்டு சாரத்தில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி அவரைக் கூண்டிலிருந்து இறக்கி, உளவியல் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்தார்.

அன்று மாலை அப்பா வழக்கத்துக்கு மாறாக நிறையக் கேட்டார். ஊசி போடுவார்களா. தலையில் ஒயர் மாட்டுவார்களா. எத்தனை மார்க் எடுத்தால் பாஸ். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா. கம்பெனி எல்லாவற்றையும் படிக்குமா. கிளினிக்குக்கு போன் செய்து விசாரித்துவிட்டுப் பதில் சொன்னேன். ஊசியும் ஒயரும் கிடையாது. ஒரு கேள்வித்தாள், கவனத்தையும் வேகத்தையும் பார்க்கும் சில சோதனைகள், பிறகு பேச்சு. பாஸ், ஃபெயில் கிடையாது. கூண்டில் ஏறலாமா, இப்போதைக்கு வேண்டாமா என்பதும், அடுத்து என்ன செய்யலாம் என்பதும் மட்டுமே கம்பெனிக்குப் போகும்.

பாஸ், ஃபெயில் கிடையாது என்பதை நான் நம்பவில்லை. அவர் கூண்டுக்குத் திரும்பியாக வேண்டும். அவருக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். மாதிரிக் கேள்விகளைத் தேடி எடுத்து, ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பயிற்சி கொடுத்தேன்.

“யார் மேலயாவது கோபம் வந்திருக்கா?”

“வந்ததில்ல.”

“பொய் சொன்னதுண்டா?”

“கிடையாது.”

“தனியா இருக்கிற மாதிரி தோணுமா?”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். “இதுக்கு என்ன சொல்லணும்?”

“தோணாதுன்னு சொல்லணும்பா.”

“சரி.”

கிளினிக் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. உளவியலாளர் என் வயதுப் பெண். கவனச் சோதனைகளை அப்பா நன்றாகவே செய்திருந்தார். சிக்கல் கேள்வித்தாளில். அப்பாவின் சம்மதம் கேட்டு உளவியலாளர் என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

“கோபமே வந்ததில்ல, பொய்யே சொன்னதில்ல, யாரையும் தப்பா நினைச்சதே இல்லன்னு எழுதியிருக்கீங்க. இப்படி எழுதுறவங்களைக் கண்டுபிடிக்கவே இதுல சில கேள்வி இருக்கு சார். யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?”

“இல்லம்மா. நானாத்தான் எழுதினேன்.”

“பாருங்க, இப்பவே ஒண்ணு சொல்லிட்டீங்க.”

அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளந்த எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று ஒரு கேஜின் சோதனைத் தாள் வந்தால் நம்பாமல் திருப்பி அனுப்புகிறவள் நான்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்து எழுதச் சொன்னார்கள். நீ கீழேயே இரு என்று சொல்லிவிட்டு அப்பா தனியாக மாடியேறினார். இரண்டு மணி நேரம் கடை வாசலில் நின்றேன். வந்ததும் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“உள்ளதை எழுதினேன்.”

மூன்று மாதம் கூண்டு வேண்டாம், தரை வேலை கொடுக்கலாம், வாரம் ஒருமுறை ஆலோசனைக்கு வரட்டும் என்று முடிவு வந்தது. வேறு நிபுணரிடம் போகலாம், மேல்முறையீடு செய்யலாம் என்று குதித்தேன். விடும்மா என்றார். வியாழக்கிழமைதோறும் தவறாமல் போனார். மாத்திரை கொடுக்கிறார்களா என்று கேட்டேன். அதற்கு வேறு டாக்டராம், தேவைப்பட்டால் அனுப்புவார்களாம். இவர்கள் பேசுவதோடு சரியாம்.

“எவ்வளவு நேரம்பா?”

“அம்பது நிமிஷம்.”

“அம்பது நிமிஷமும் நீங்களா பேசுறீங்க?”

“நடுவுல அவங்களும் பேசுவாங்க.”

அந்த வியாழக்கிழமைகளில் எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது.

பதினான்காவது வாரம், ஏறலாம் என்று கடிதம் வந்தது. தோள்பையின் பிய்ந்த வாரைத் தைத்து வைத்தேன். மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். மாலையில் மேலே காற்று எப்படி என்று கேட்பேன். பரவால்ல என்பார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு கிளினிக்குக்குப் போனேன். அந்த வியாழக்கிழமைகளில் அப்பா என்ன பேசினார் என்று கேட்டேன். உளவியலாளர் மெதுவாக மறுத்தார். சொன்னதெல்லாம் அவருடையது, அவர் இல்லை என்பதால் அது மாறாது என்றார். உங்களுக்குப் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் சிக்னல்காரர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் ஹெல்மெட்டும் கையுறையும் கொண்டுவந்திருந்தார். கடைசி இரண்டு மாதம் மேலே சிரமப்பட்டாரா என்று கேட்டேன்.

“மேலயா? அவர் ஏறவே இல்லையேம்மா. லெட்டர் வந்த அன்னைக்கே, நான் கீழயே சுமைக்குக் கொக்கி மாட்டுறேன்னு போர்மேன்கிட்ட சொல்லிட்டாரு. நான்கூட திட்டினேன். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த ஆளு, இந்தப் புழுதியில ஏண்ணே சாகுறீங்கன்னு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“இருபத்தாறு வருஷம் தனியா சாப்பிட்டாச்சுடா, போதும்னாரு.”

மேலே காற்று பரவாயில்லை என்று அத்தனை மாலையும் என்னிடம் சொன்னார். நான் கேட்க விரும்பியது அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மதியம் பன்னிரண்டரைக்கு எட்டுப் பேர் சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அப்பா வாய் ஓயாதாம். வானொலியை அணைக்க முடியவில்லை என்று கிண்டல் செய்வார்களாம். எதைப் பற்றிப் பேசுவார் என்று கேட்டேன். உங்கள் அம்மாவைப் பற்றி, உங்களைப் பற்றி என்றார். சின்ன வயதில் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் நான் அழுத கதையைச் சொன்னார். எனக்கே மறந்திருந்தது. வேறு என்ன என்றேன். யோசித்துப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

“ஒருநாள் மதியம் சைட்டுக்கு வாங்கம்மா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.”

சைட் என் ஆய்வகத்திலிருந்து இருபது நிமிடம். இன்னும் ஒரு மாடிதான் பாக்கி. அது முடிந்ததும் அந்த எட்டுப் பேரும் எட்டு இடத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குள் போக வேண்டும். அப்பா பேசியது எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் சொல்லி முடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இதுவரை போகவில்லை.