இரண்டாவது பொட்டலம்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படத்தான். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இந்தப் பட்டனை அழுத்துங்கள் என்று திரை சொன்னால், பக்கத்துப் பட்டனை அழுத்திப் பார்ப்பவள் நான். இந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை. காய்கறிக்காரர் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தால் தக்காளியைத் திருப்பிப் பார்ப்பேன்.

ஆகவே அந்த வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வந்தபோது நான் துள்ளிக் குதிக்கவில்லை. முதல் பாகத்தைக் கல்லூரியில் படிக்கும்போது விளையாடியிருந்தேன். அதில் சண்டையோ துப்பாக்கியோ கிடையாது. பனி பெய்யும் மலையூரில் ஓர் அக்கா, ஒரு தங்கை. கதை நடுநடுவே நின்று நம்மைக் கேட்கும். உண்மையைச் சொல்லலாமா, மறைக்கலாமா? நாம் எடுக்கும் முடிவின்படி மேலே போகும். கடைசிக் கேள்விதான் பெரியது: அக்கா ஊரைவிட்டுக் கிளம்பும் பஸ்ஸில் ஏறுவதா, தங்கையோடு இருந்துவிடுவதா? நான் அவளை ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டு அழுதேன். நான் ஏற முடியாமல் போன பஸ் ஒன்று இருந்தது, அதனால்.

பன்னிரண்டாவது முடித்ததும் சென்னையில் அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டேன். அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் வேண்டாம் என்று நேராகச் சொல்வதில்லை. சாமியிடம் பூக் கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் வைப்பார்கள். யாருக்காகக் கேட்கிறோமோ அவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மற்றதை யாரும் பிரிப்பதில்லை. அது சாமிக்கு. எனக்குச் சிவப்பு வந்தது. பீளமேட்டிலேயே கம்ப்யூட்டர் படித்தேன்.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு விளம்பரம்: 'உங்கள் முடிவை நாங்கள் மறக்கவில்லை.' வலிய வந்து சத்தியம் செய்கிறவர்களை எனக்கு ஆகாது. கோயம்புத்தூரில் இந்த மாதிரி கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வாங்குவதற்கு முன் அங்கே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். ஒருவர் முதல் பாகத்தைவிட எழுத்து முதிர்ந்திருக்கிறது என்றார். இவருக்கு இலவசமாகக் கொடுத்திருப்பார்களோ என்று நினைத்தேன். இன்னொருவர் படம் அழகு, கதை மோசடி என்று திட்டினார். இவர் கடைசிவரை விளையாடினாரா என்றும் சந்தேகம்தான்.

நானே வாங்கி, பழைய முடிவுகளை ஏற்றி ஆரம்பித்தேன். முதல் காட்சியிலேயே அக்கா அதே மலையூரில் டீக்கடை வைத்திருந்தாள். 'போனேன், பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்' என்று ஒரே வரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழைய முடிவை மாற்றி, பஸ் ஏறாத அக்காவோடு மறுபடி ஆரம்பித்துப் பார்த்தேன். அதே டீக்கடை, அதே பாய்லர். அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

குழுவில் கொட்டித் தீர்த்தேன். பாதிப் பேர் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். ஒருவர் மட்டும் அமைதியாகக் குரல் செய்தி அனுப்பினார். "கதை எழுதுனவங்க முன்னயே முடிவு பண்ணிப்போட்டாங்க. நம்மளக் கேக்கறது ஒரு மரியாதைக்குங்க." அன்று மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை. அந்த மரியாதையை எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரமே ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. கேம் தயாரிக்கும் கம்பெனி, அதே சோதனை வேலை. படிக்க ஆசைப்பட்டதற்கு இவ்வளவு பக்கத்தில் இனி எதுவும் வராது என்று எனக்குத் தெரிந்தது. கணபதி பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அப்பாவின் லேத் பட்டறை. கையில் கிரீஸோடு நின்று கேட்டுக்கொண்டார்.

"போறதும் இருக்கறதும் உன்ற இஷ்டம் அம்மணி. எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்."

இதோ, எதை எடுத்தாலும் அதே டீக்கடை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அம்மா உள்ளேயிருந்து, இந்தத் தடவை பூவை நான்தான் கட்டுவேன் என்றாள். அம்மா இதிலெல்லாம் முன்னால் வருகிறவள் இல்லை. என்னை இங்கேயே வைத்துக்கொள்ள இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது. சிவப்பு வந்தால் சாமி முன்னாலேயே மற்றதையும் பிரித்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவிநாசிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் போனோம். அம்மா பொட்டலங்களை வைத்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்தேன். நூலைப் பிரித்தேன். வெள்ளை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் பிரிவில், முதல் தடவையே ஒன்று சரியாக வேலை செய்தால் யாரும் நம்ப மாட்டோம். மற்றப் பொட்டலத்தை எப்போதும் கோவில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அம்மா அதைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுவிட்டார்களாம், வீட்டுச் செடிக்குப் போட்டுக்கொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவப் போனாள். நான் பையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

திரும்பினால் அம்மா துண்டோடு நின்றுகொண்டிருந்தாள். வெற்றிலையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தாள். கோபப்படவில்லை. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அந்தப் பழைய சிவப்புப் பூ ஞாபகம் வந்தது.

"அப்போ அன்னைக்குங்கம்மா? பன்னெண்டாவது முடிச்சப்போ?"

"அன்னைக்கு நான் கட்டலை கண்ணு. உங்கப்பா கட்டுனாரு." நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கும் கெணத்துல போடாம எடுத்துட்டு வந்துட்டேன். நீ காலேஜுல சேரப் போயிருந்தப்போ நானும் இப்படித்தான் இன்னொண்ண அவுத்துப் பாத்தேன்."

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அதைச் சாமி சொன்னதாக நினைத்து அழுகையை விழுங்கியிருக்கிறேன். நேராகப் பட்டறைக்கு இறங்கிப் போய் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. கேட்டால் நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்பார். பேச்சு அம்மாவிடம் வந்து நிற்கும்.

சாயங்காலம் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். டிக்கெட் போட்டாயா என்று விசாரித்தார். சாமியே சொன்ன பிறகு தட்டக் கூடாது என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் அம்மாவின் கைப்பையைப் பார்த்த மாதிரி இருந்தது. அப்படி நான்தான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். அவள் தோள் அசையவில்லை.

"சரிங்கப்பா" என்றேன்.