கூடத்துக்கு வந்த அண்ணி

மலாக்காவின் காஜா பெராங்கில் ஜெயா டீச்சரைத் தெரியாதவர்கள் இல்லை. தாய் தகப்பனை இழந்த ஜெயாவை வளர்த்தவர் அண்ணன் மருதமுத்து. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. அண்ணி பொன்னம்மாவுக்கு அப்போது சின்ன வயது, பிள்ளை இல்லை. குருபோங்கிலிருந்த தாய்வீட்டுக்கு அவர் போயிருக்கலாம். போகாமல், காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமா கட்டி விற்று நாத்தனாரை ஆசிரியையாக்கினார்.

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருடம் கோலாலம்பூரிலிருந்து தியாகு பெண் பார்க்க வந்தார். ஜாதகம், வரதட்சணை, ஐயர் எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லி அனுப்பிய சீர்திருத்தக்காரர். அப்படியும், நல்ல காரியத்தில் கைம்பெண் நிற்கக்கூடாது என்று பொன்னம்மா பலகாரம் செய்து வைத்துவிட்டுப் பக்கத்துச் செட்டி வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டார். வளர்த்தவளையே ஒளிய வைக்கும் வழக்கத்துக்குப் பண்பாடு என்று பெயர்!

"அவங்க இல்லாம என்ன பேச்சு? வரச் சொல்லுங்க" என்றார் தியாகு. பொன்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தபோது தியாகு எழுந்து நின்று வணங்கினார். அந்த நிமிடம் ஜெயாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கோப்பி குடித்து முடிக்கவில்லை. "கல்யாணத்துக்கப்புறம் நாம ரெண்டு பேருதான். சொந்தத்தையெல்லாம் கூட வச்சிக்கிறது பழைய காலம். அக்காவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பிடலாம்" என்றார் தியாகு.

"அண்ணி என்கூடத்தான் இருப்பாங்க" என்றாள் ஜெயா.

"அது சரிப்பட்டு வராது."

"அப்ப நீங்க மலாக்காவுக்கு மாத்தல் கேட்டு வாங்க. இந்த வீட்டுல எடம் இருக்கு."

"வீட்டோட மாப்பிள்ளையாவா? ஆளுங்க என்ன பேசுவாங்க?"

"ஐயர் வேணாம்னு சொன்னப்ப பேசலியா?"

தியாகு கோப்பையைக் கீழே வைத்தார். ஊர் கட்டிய எல்லாவற்றையும் அவிழ்க்கத் துணிந்தவருக்கு இந்த ஒரு முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. தனியே வாழ்வதுதான் விடுதலை என்கிறார்கள். அதற்காக உறவை அறுத்துக்கொண்டு வரவேண்டியவள் மட்டும் ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறாள்?

பொன்னம்மா ஜெயாவை உள்ளே இழுத்துப்போனார். "அவரைக் கட்டிக்கிட்டுப் போடி. நாளைக்கு நான் செத்துட்டா தனியா நிப்ப."

"அன்னைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்கு இருக்கீங்கல்ல."

வெளியே வந்து தியாகுவிடம் பணிவாக மறுத்துவிட்டாள். அண்ணிக்காரி நாத்தனாரை மயக்கி வைத்திருக்கிறாள் என்று தள்ளியிருந்த செமாபோக் ஊர் வரை பேச்சுப் போனது. ஒரு பெண் தானே யோசித்து முடிவெடுப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொன்னம்மாவுக்கும் கோபம்தான். மறுத்த அன்று இரவு சாப்பிட உட்கார்ந்ததும் மீனை முள் நீக்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டும் அந்த ஆசிரியையின் தட்டில் வைத்தார்.

"அறிவு கெட்டவ. நல்ல பையன்."

"நல்லவருதான்."

"அப்புறம் என்னடி?"

ஜெயா சோற்றைப் பிசைந்தாள். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி."