வழியனுப்பிய பிறகும் போகாதவன்

மும்பை செம்பூரில் வீடு வாங்கிவிட்டேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தபோது, அந்த வீட்டை விற்கும் உரிமை விற்கிறவருக்கே இன்னும் வந்திருக்கவில்லை. இது எனக்குத் தெரியாததல்ல. வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"உயில் இருக்கு. கோர்ட்ல புரோபேட் வாங்கணும். அவ்வளவுதான்."

அதில் 'அவ்வளவுதான்' என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் தங்கியது.

வீடு ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு படுக்கையறை, சமையலறை, சாலையைப் பார்த்த பால்கனி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப் பெண்மணியின் வீடு அது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இறப்பதற்கு முன் வீட்டைத் தன் தங்கை மகளுக்கு எழுதி வைத்திருந்தார். கோயம்புத்தூரில் இருந்த அந்தத் தங்கை மகள்தான் எங்களுக்கு விற்கச் சம்மதித்திருந்தாள். உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் சொல்லும்வரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர் மாற்ற முடியாது என்று சொசைட்டி செக்ரட்டரி கையை விரித்துவிட்டார். நான் எந்தக் கதையோடு போனாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "பெஹ்லே புரோபேட் லாவோ." முதலில் அந்தக் கோர்ட் சான்றைக் கொண்டு வா என்று அர்த்தம்.

பொறுமையான மனிதன் காத்திருந்திருப்பான். நான் தாராவியில் எங்கள் சந்துக்கே விருந்து வைத்தேன்.

அந்தச் சந்தில்தான் நான் பிறந்தேன். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய ஒற்றை அறையில்தான் கல்யாணமாகியும் குடியிருந்தேன். காட்கோபரில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வரிசையிலிருந்து செம்பூருக்குப் போகும் முதல் ஆள் என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறிச் சோறு. பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "அங்க போயி எங்கள மறந்துராதிய அண்ணாச்சி" என்றார். நான் கண் கலங்க, "எப்படி மறப்பேன்" என்றேன். மைக் இல்லாதது ஒன்றுதான் குறை. அந்த உணர்ச்சி வேகத்தில் தண்ணீர் டிரம்மை அவருக்கும், சீலிங் ஃபேனை எதிர்வீட்டுக்கும், இரும்புக் கட்டிலைக் கடைசி வீட்டுக்கும் தானமாகக் கொடுத்துவிட்டேன். புது வீட்டுக்குப் பழைய சாமான் எதற்கு?

அந்த வாரம் போகவில்லை. அந்த மாதமும் போகவில்லை.

முதலில் எல்லோரும் அன்பாகக் கேட்டார்கள். பிறகு ஆர்வமாகக் கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது எங்கள் சந்தின் காலை வணக்கமாகவே ஆகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, இன்னும் போவலையா?"

"கோர்ட்ல இருக்கு."

"கோர்ட்டா? வில்லங்கமான வீடா?"

புரோபேட் என்றால் என்ன என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு ரயில் போய்விடும். அதனால் பின்பக்கச் சாக்கடையை ஒட்டிய வழியாக ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். அந்த வழி குறுகல். எதிரே யாராவது வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படி ஒட்டி நின்றவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

வெயில் வந்தபோது எதிர்வீட்டில் என் ஃபேன் சுற்றும் சத்தம் எங்கள் அறைக்குக் கேட்டது. தண்ணீர் பிடிக்க டிரம் இல்லாமல் என் மனைவி குடம் குடமாகப் பிடித்து அடுக்கினாள். ஒருநாள் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், டிரம்மைக் கொஞ்ச நாளைக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். உருட்டிக்கொண்டு வந்து தந்தார். "செம்பூர் போம்போது ஞாபகமா குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செம்பூர் போய் என் வீட்டைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு வருவேன். பூட்டிய வீடுதான். ஆனாலும் ஒருமுறை கேட்டை மறித்து நின்ற ஸ்கூட்டரைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி நிறுத்தினால் குடியிருக்கிறவர்கள் எப்படிப் போவது என்று வாட்ச்மேனிடம் சத்தம் போட்டேன். ஸ்கூட்டர் செக்ரட்டரியுடையது. அவர் மெதுவாக வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆப் கோன் ஹைன்?" என்று கேட்டார். நீங்கள் யார் என்று அவர் கேட்டதும், ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

இதற்கிடையில் வக்கீல் கூப்பிட்டார். இறந்துபோனவருக்கு ஒரு தம்பி இருக்கிறாராம். கல்யாண் என்ற புறநகரில் வீடு, பக்கத்து உல்லாஸ்நகரில் தையல் நூல் கடை. அவர் ஆட்சேபணை போட்டுவிட்டார். இனி இது சாதாரண மனு இல்லை, வழக்கு.

"நீங்க அவரைப் போய்ப் பார்க்காதீங்க. காரியம் கெட்டுடும்" என்றார்.

அந்த ஞாயிறே மனைவியையும் கூட்டிக்கொண்டு கல்யாணுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். சட்டத்தில் ஆரம்பித்து, நியாயத்துக்கு வந்து, மனிதாபிமானத்தில் முடிப்பதாகத் திட்டம்.

கதவைத் திறந்தவர் அறுபதைக் கடந்த மெலிந்த மனிதர். எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க அக்கா உயில் எழுதும்போது சாட்சி ரெண்டு பேர் இருந்திருக்காங்க. ஆகவே சட்டப்படி பார்த்தா..." என்று தொடங்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சட்டம் முடிந்து நியாயத்தின் நடுவில் நான் இருந்தபோது, என் மனைவி அவரைப் பார்த்து, "அக்கா இறந்தப்ப நீங்க போயிருந்தியளா?" என்று கேட்டாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொன்னாத்தானம்மா போறதுக்கு. கடைக்கு வந்த ஒருத்தரு பேப்பர நீட்டி, 'இது உங்க அக்கா பேருல்லா'ன்னு கேட்டாரு. உயிலு நோட்டீசு. அதப் பாத்துத்தான் அவ செத்ததே எனக்குத் தெரியும். எல்லாம் முடிஞ்சி மாசக்கணக்கு ஆயிருக்கு."

"பேச்சுவார்த்தை இல்லையோ?" என்றாள் மனைவி.

"ஒரு கல்யாண வீட்டுல வாக்குவாதம். இன்னைக்கு நெனச்சா எதுக்குன்னுகூடச் சரியா வரல. அவ கூப்பிடுவான்னு நான் இருந்தேன். நான் வருவேன்னு அவ இருந்துருப்பா. எனக்கு அந்த வீடு வேண்டாம். கோயம்புத்தூர்ல இருக்க என் மருமவ நேர்ல வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். கோர்ட்டுல போட்டாத்தான் திரும்பிப் பாப்பான்னு போட்டேன்" என்றார்.

எனது மனிதாபிமானப் பகுதி பேசப்படாமலே போயிற்று.

கோயம்புத்தூருக்கு போன் செய்தேன். "மாமாதான் பெரியம்மாகிட்ட பேசாம இருந்தாரு. அவரு நம்பர்கூட எங்ககிட்ட இல்ல" என்று அந்தப் பெண் முதலில் கோபப்பட்டாள். பிறகு அவருடைய நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் வந்தாள்.

செம்பூர் வீட்டிலேயே எல்லோரும் சந்தித்தோம். அவள் கதவைத் திறந்தாள். அந்த மாமா செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு இடமாக மெல்ல நடந்து பார்த்தார். அக்கா எங்கே படுத்துக்கொள்வாள், கடைசியில் யார் சமைத்துப் போட்டார்கள், ரொம்ப வலித்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சமையலறையில் நின்று, "உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மாமா. பயமா இருந்துச்சு" என்றாள். அவர் தலையாட்டினார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். படுக்கையறைச் சுவரைக் கையால் சாண் போட்டு, பீரோ நிற்குமா என்று அளந்துகொண்டிருந்தேன். அதோடு நிற்காமல், அவர் முகம் துடைத்துக்கொண்டு வந்ததும், "அந்த வாபஸ் மனு விஷயமா..." என்று வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையில் கிள்ளியதில் மீதி வாக்கியம் உள்ளேயே போய்விட்டது.

ஆட்சேபணையை அவர் திரும்பப் பெற்றார். ஆனால் அதற்காகக் கோர்ட் அவசரப்பட்டுவிடவில்லை. கோடை விடுமுறை வந்தது, ஒரு கையெழுத்து தெளிவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், வக்கீலின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாம் முடிந்து புரோபேட் வந்த அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரம் பதிவாகிச் சாவி கைக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. டெம்போவில் சாமான் ஏற்றும்போதுகூடச் சந்தில் ஒருவரும், நாங்கள் வீடு மாறுகிறோம் என்று நினைக்கவில்லை. ஊருக்குப் போய்ட்டு எப்ப வருவிய என்றுதான் கேட்டார்கள்.

செம்பூரில் முதல் நாள் காலை பால்கனியில் போய் நின்றேன். கையில் டீ. கீழே நல்ல கூட்டம். தெரிந்தவர் யாராவது அந்த வழியே போய், நிமிர்ந்து, என்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பஸ் வந்தது, காய்கறி வண்டி வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஒருவரும் நிமிரவில்லை. டீ ஆறிப்போனது. உள்ளேயிருந்து மனைவி, "ஏங்க, அங்க நின்னது போதும். பீரோவ யாரோ பாத்ரூம் கதவ மறிச்சு வச்சுருக்காங்க, வந்து தள்ளுங்க" என்றாள்.

வைத்தது நான்தான். போய்த் தள்ளினேன்.