சட்டி ஏறாத டிசம்பர்

டிசம்பர் பிறந்தாலே எனக்குக் குமட்டும். வெளியே மழைத் தண்ணீர் சாக்கடையோடு கலந்து வாசல்வரை நிற்கும். உள்ளே எண்ணெய்ச் சட்டி. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று சுட்டுத் தள்ளி, துறைமுகத்தில் என் கணவரோடு வேலை பார்ப்பவர்கள் வீடுவரை அனுப்ப வேண்டும். கிறிஸ்துமஸ் பூசையில் சாமியார், "பாலகனுக்கு உள்ளத்தில் இடம் கொடுங்கள்" என்பார். தலைமுடியில் எண்ணெய்ச் சிக்கு வாடையோடு நான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் போனது.

போன வருஷம் அக்டோபர் கடைசியில் மாமி, என் கணவரின் அம்மா, இறந்துபோனார். எங்களில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரச் சட்டி ஏறாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்தார்கள். துக்கம் கேட்கிற சாக்கில் எங்கள் சோபாவுக்கு விலை போட்டுவிட்டுப் போனார்கள். மேசை நிறைய அதிரசம், அதில் எறும்பு.

ஒரு மத்தியானம் எனக்கு வேலையே இல்லை. கடுங்காப்பியோடு அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை பெய்தது, துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. என் அப்பாவின் முகம், கல்யாணத்துக்காக விட்ட டீச்சர் வேலை, எனக்கு ஏன் எப்போதும் இவ்வளவு எரிச்சல் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். மாமியும் இதே சட்டி முன்னால் நின்றவர்தானே, ஒரு டிசம்பராவது இப்படி உட்கார்ந்திருப்பாரா? நானும் அவரை உட்காரச் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து அந்த மத்தியானத்துக்காகவே காலையில் எழுந்தேன்.

அதைக் கெடுக்க நாத்தனார் வந்தாள்.

"மைனி, முப்பதாம் நாள் பூசைதான் முடிஞ்சிட்டுல்லா. பிள்ளைகளுக்காவது ஒரு ஸ்டார் கட்டுவோம். எல்லாரும் இங்கன கூடி பலகாரம் சுடுவோம்."

எல்லாரும் என்றால் நான். அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ருசி பார்ப்பாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மாமி போயி ரெண்டு மாசங்கூட ஆவல. வருஷம் முடியாம இந்த வீட்ல சட்டி ஏறாது. எனக்கு மனசு ஒப்பல."

அவள் அழுதேவிட்டாள். மருமகள் என்றால் இவளல்லவா என்று அன்று சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. நானும் மாமியும் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாததைப் பார்த்த அதே தெரு. கேட்க அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கணவர் சீக்கிரமே வந்து ஜன்னலோரம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, எங்கம்மா மேல ஒனக்கு இம்புட்டுப் பாசமா? எனக்குத் தெரியாமப் போச்சே."

அடக்கத்தன்று அழாத மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் நாளைக்கே சட்டி ஏறிவிடும். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது. அப்போதும், இவர் எப்போது எழுந்து போவார், காப்பி ஆறுகிறதே என்றுதான் என் மனசு காத்துக்கிடந்தது.