லேபிள் உரிந்த டப்பாக்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் ஓட்டுகிற அவளுக்குத் தெருவில் டப்பாக்காரி என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். முடிதிருத்தும் கடை நடத்துகிறவர். கத்தரிக்கோலை விட வாய் வேகமாக ஓடும். "எங்க வீட்டுல கட்டிலுக்கு மேல நாங்க, கீழ மூட்டைங்க. மூட்டைங்கதான் நிம்மதியாத் தூங்குது" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லி, ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்.

அவள் சேர்த்து வைப்பதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, ஏதோ கலவரம் என்று கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். வீட்டில் இருந்தது அரைப் பாக்கெட் ரஸ்க்கும் கொஞ்சம் சர்க்கரையும். தனக்குப் பசியே இல்லை என்று சாதித்த புருஷன், அவள் கண் அயர்ந்த நேரம் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் குடித்ததை அவள் அரைக் கண்ணால் பார்த்துவிட்டாள். கடை திறந்த அன்றே ஒரு மூட்டை அரிசி வாங்கினாள். அன்றைக்குத் தொடங்கியது நிற்கவே இல்லை.

அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், தீப்பெட்டி. வண்டு அண்டாமலிருக்க மூட்டைக்குள் காய்ந்த மிளகாய். பழையதை முன்னால் இழுத்துப் புதியதைப் பின்னால் தள்ளுவாள். பரண் மேல் தகர டப்பாக்கள்: மீன், பட்டாணி, தக்காளி, பழத்துண்டுகள். சம்பளம் வந்தால் கூட வேலை செய்கிறவர்கள் துணிக்கடைக்குப் போவார்கள். இவள் டப்பா வாங்கப் போவாள்.

வம்பு வந்தது அந்தப் பரணால்தான். அதை மாட்டச் சுவரில் துளை போட்ட அதிர்வில், கீழ் வீட்டுக் கூரையிலிருந்து சாந்து பெயர்ந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள் விழுந்தது. கீழ் வீட்டில் இருந்தவள் ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி. நகராட்சிப் பூங்காவில் களை எடுக்கிற வேலை. "உலகம் அழியப் போகுதுன்னு உனக்கு மட்டும் தந்தி வந்துச்சா?" என்று அவள் கேட்க, இவள் பதிலுக்கு ஒன்று சொல்ல, அதோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி கடையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள்.

பிறகு அந்த வருஷத்து மழை. கொட்டு கொட்டென்று கொட்டி, ஊருக்கு வருகிற ஒரே மலைப்பாதையில் மண் சரிந்து விழுந்தது. பஸ் டிரைவரான அண்ணன் தன் பஸ்ஸோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊர்க் கடைகளைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டார்கள் ஜனங்கள்.

டப்பாக்காரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஏணி போட்டுப் பரணில் ஏறினாள். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். கூரை ஒழுகி, டப்பாக்களின் லேபிள் எல்லாம் உரிந்து கூழாகிக் கிடந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. மீன் எது, பழம் எது என்று சொல்ல வழியே இல்லை.

புருஷனுக்கோ கொண்டாட்டம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கி, மீன் என்று சத்தியம் செய்வார். திறந்தால் அன்னாசித் துண்டு இருக்கும். சோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை, செத்த மீனை விட உயிருள்ள அன்னாசி மேல் என்பார்.

அரிசிக்குக் குறைவில்லை. ஆனால் பச்சையாக ஒன்றையும் கண்ணால் பார்க்காமல் நாக்கு செத்துப்போனது. பிள்ளை தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளை இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே சில நாட்களாகக் குக்கர் விசில் கேட்கவில்லை. இறங்கிப் போய்க் கேட்கலாம் என்று படிவரை போவாள். ரோஷம் காலைப் பிடித்து இழுக்கும்.

கடைசியில் ஏறி வந்தவள் ஓரகத்திதான். கையில் பை நிறையக் கீரை.

"கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. வாடுறதுக்குள்ள ஆக்கிடு" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

"கீழ குக்கர் சத்தமே கேக்கலையேக்கா?"

"கேஸை மிச்சம் பிடிக்கிறேன்."

"பிள்ளைங்க என்ன சாப்பிட்டாங்க?"

ஓரகத்தி பையைக் கீழே வைத்தாள். "இதான். காலையிலயும் இதான்."

டப்பாக்காரி கட்டிலுக்கடியில் குனிந்து ஒரு மூட்டையை இழுத்தாள். "ஒரு பக்கம் பிடிங்கக்கா. உங்க அடுப்புதான் பெருசு, அங்கயே ஆக்கிடலாம்" என்றாள். இரண்டு பேருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். பாதி வழியில் ஓரகத்தி மூக்கை உறிஞ்சினாள். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று அரிசியும் பருப்பும் கீரையும் ஒன்றாக வெந்தன. பிள்ளைகள் தட்டை வழித்து வைத்தார்கள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். விளையாட்டு மைதானத்து வேலியோரம், மூடிக் கிடந்த ரயில்வே கொட்டகைக்குப் பின்னால் என்று குப்பைக்கீரையும் பருப்புக்கீரையும் புளியாரையும் தாமாக முளைத்துக் கிடந்தன. வருஷக்கணக்காகப் பிடுங்கி எறிந்த செடிகள் என்பதால் ஓரகத்திக்கு ஒவ்வொன்றும் அத்துப்படி. சாக்கடையோரம் பறிக்க விடவில்லை. பூங்கா பக்கம் போகலாமே என்றதற்கும் தலையை ஆட்டி மறுத்தாள். "அங்க வேண்டாம். களைக்கொல்லி அடிச்சதே நான்தான்."

டப்பாக்காரி தரையோடு படர்ந்த ஒன்றைக் கை நிறையப் பறித்து, பருப்புக்கீரை என்று நீட்டினாள். ஓரகத்தி காம்பை ஒடித்துக் காட்டினாள். வெள்ளைப் பால் கசிந்தது.

"இது வேற. பருப்புக்கீரைல பால் வராது. சந்தேகமா இருந்தா விட்டுடணும், பசிச்சாலும்."

"டப்பான்னா திறந்து பாத்துக்கலாம்" என்றாள் இவள். அதற்கு இருவரும் சிரித்த சிரிப்பில், கொட்டகைக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

விஷயம் பரவ, பக்கத்து வீட்டுத் தையல்காரரும் எதிர்வீட்டு நர்ஸும் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பொருள், எல்லாம் கீழ் வீட்டு அடுப்பில். தையல்காரர் எங்கிருந்தோ ஒரு முறம் காளான் கொண்டுவந்தார், அழகான காளான். ஓரகத்தி அதைத் தனக்குத் தெரியாது என்று சொல்லி, அப்படியே குழி தோண்டிப் புதைக்க வைத்தாள். அவர் அன்று முழுக்க உம்மென்று இருந்தார். சோறு மட்டும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பாதை சரியானதும் முதலில் வந்தது அண்ணன் ஓட்டிய பஸ்தான், ஹாரனை அடித்துக்கொண்டே. தெருவே திரண்டு ஓடியது. இறங்கினவரைப் பார்த்து ஓரகத்தி திகைத்துப்போனாள். ஆள் பூசினாற்போல் இருந்தார். சட்டைப் பட்டன் வயிற்றில் திணறியது. மாட்டிக்கொண்ட ஊரில் டிப்போ கேன்டீனுக்குப் பக்கத்திலேயே தங்கினாராம்.

"நாங்க இங்க வேலியோரம் மேஞ்சுக்கிட்டிருந்தோம்" என்றாள் ஓரகத்தி. திட்டுகிற மாதிரிதான் தொடங்கினாள். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இப்போது கீழ் வீட்டிலும் ஒரு அலமாரி இருக்கிறது, டப்பாக்காரி வாங்கிக் கொடுத்தது. ஓரகத்திக்குச் சேர்த்து வைக்கிற கை வரவில்லை. ஆசைப்பட்ட அன்றே திறந்து சாப்பிட்டுவிடுகிறாள். டப்பாக்காரிக்கும் கண் சரியாகப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கீரைக்குப் போகும்போது, இன்னமும் ஒவ்வொரு காம்பையும் ஒடித்து, அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் பையில் போடுகிறாள்.