அட்ராக்டாவின் பன்னிரண்டாவது புள்ளி

அட்ராக்டா கில்காலனை வேகக்காரி என்று ஊருக்குள் சொல்கிறவர்கள், ஒரே ஒரு நாள் அவளோடு காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஐம்பத்தெட்டு வயது, கணவனை இழந்தவள். அயர்லாந்தின் ஸ்லைகோ மலைச் சரிவில் திக்குக்கு ஒன்றாகக் கிடக்கும் ஆறு வீடுகளில் ஆறு முதியவர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குளிப்பாட்ட வேண்டும், உடுத்திவிட வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், உருளைக்கிழங்கு வேகவைக்க வேண்டும். வீட்டுக்கு அரை மணி நேரம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக நிறுவனம் ஒதுக்கிய நேரம்? ஒரு நிமிஷம் கூடக் கிடையாது. பேருந்து வியாழக்கிழமை ஒன்று வரும். வந்தால் உண்டு.

அப்படி ஓடி ஓடி ஓட்டுநர் உரிமத்தில் சேர்ந்ததுதான் ஒன்பது தண்டப்புள்ளி. ஒரு தடவை வேகம், ஒரு தடவை கையில் போன், ஒரு தடவை பெல்ட் போடாதது; தடவைக்கு மூன்று. ஒவ்வொரு மூன்றும் உரிமத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். போவதற்குள் பன்னிரண்டு சேர்ந்துவிட்டால் ஆறு மாதம் வண்டியைத் தொடக்கூடாது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், கடைசி வீட்டு ஃபெஸ்டி டர்கன் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. எண்பத்தாறு வயது, தனிக்கட்டை, பார்வை பாதிதான். அட்ராக்டா வந்து போவதால்தான் அவர் இன்னும் சொந்த வீட்டில் இருந்தார். அவள் நின்றால் முதியோர் இல்லம்தான், வேறு வழியே இல்லை. விழுந்து கிடக்கிறாரோ என்று அடித்துப்பிடித்துக்கொண்டு ஓட்டினாள். அறுபதில் போகவேண்டிய சாலையில் எழுபத்தெட்டு. வளைவில் வேகத்தைப் படம் பிடிக்கும் கேமரா வேன் நின்றது.

உள்ளே போனால் மனிதர் போனைக் கோழித்தீவன வாளிக்குள் போட்டுவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா இப்படி மூச்சு வாங்குது? காளை துரத்துச்சா?"

"ஆமா, காளைதான்! நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

"இருக்கேன், இருக்கேன். டீ போடு."

அபராதக் கடிதம் வந்தபோது பக்கத்து வீட்டு லாரிக்காரன் மலாக்கி அதை வாங்கிப் பார்த்தான். புள்ளி விவகாரத்தில் அவன் கரைகண்டவன்.

"இப்பவே கட்டித் தொலைச்சிடாத. கட்டி நாலு வாரம் கழிச்சுத்தான் புள்ளி ஏறும். ஐம்பத்தாறு நாள் டைம் இருக்கு, கடைசி நாள் கட்டு. உன் பழைய மூணு எப்ப போகுது?"

"ஜூன் பத்து."

"அப்புறம் என்ன! பழசு இறங்கும், புதுசு ஏறும். ஒன்பதைத் தாண்டாது. லாரிக்காரங்க நாங்க எல்லாரும் இப்படித்தான் பொழைக்கிறோம்."

அவளும் அப்படியே செய்தாள். கடைசி நாளான ஜூன் ஒன்பதாம் தேதி கட்டினாள். பத்தாம் தேதி தாண்டியதும் கிரீம் கேக் வாங்கிப் போய் ஃபெஸ்டியோடு தின்றாள். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. மொத்தம் பன்னிரண்டு. ஜூலை பதினாறு முதல் ஆறு மாதம் தடை. உடனே உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"நடுவுல பத்து வாரம் உங்களுக்கு லைசென்ஸே இல்ல மேடம்," என்றாள் போனை எடுத்த பெண், தன்மையாகத்தான். "காலாவதியாகி, லேட்டா புதுப்பிச்சிருக்கீங்க."

"அப்ப எம் புருஷன் ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தார்மா. நான் காரையே தொடல. ஊர்க்காரங்கதான் கொண்டுபோய் விட்டாங்க."

"அதேதான் மேடம். லைசென்ஸ் இல்லாத நாள் அந்த மூணு வருஷத்துல சேராது. உங்க பழைய புள்ளி ஆகஸ்ட் பத்தொம்பது வரைக்கும் இருக்கும்."

"வண்டியே ஓட்டாத நாளுக்கா தண்டனை?"

"சாரி மேடம். சட்டம் அப்படித்தான் இருக்கு."

அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவள் என்ன செய்வாள்? விஷயம் கேட்டு மலாக்கி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "அது எனக்குத் தெரியாம போச்சே, அட்ராக்டா. பணம் கட்டினதுக்கப்புறம் கோர்ட்டுக்கும் போக முடியாது." போய்த் தொலை என்று அவளுக்கு வாய் வரை வந்தது. நல்லதுக்குத்தானே சொன்னான் என்று விழுங்கிக்கொண்டாள்.

மற்ற ஐந்து வீடுகளுக்கும் பிள்ளைகளோ பேரன்களோ எப்படியோ ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஃபெஸ்டிக்கு யார் இருக்கிறார்கள்? அந்த மலையேற நிறுவனத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. ஜூலை பதினைந்தாம் தேதி முதியோர் இல்லத்தில் இடம் போட்டுவிட்டார்கள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். கிழவர் ஒப்பவில்லை.

"அட்ராக்டா கொண்டுவந்து விட்டாத்தான் வருவேன். இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அவளுக்கு லைசென்ஸ் இருக்குல்ல?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போடும் கோட்டும் டையுமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவள் நாற்பதில் ஓட்டினாள். பின்னால் வந்த டிராக்டர்காரன் கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனான்.

"ஆறு மாசம்தானே," என்றார் ஃபெஸ்டி. "ஜனவரியில வந்து கூட்டிட்டுப் போயிடு. அதுவரைக்கும் கோழியை மலாக்கி பாத்துக்குவான்."

"வரேன் ஃபெஸ்டி. சத்தியமா வரேன்."

குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியாத வீடு ஈரம் ஏறி, பூசணம் பூத்து என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

இல்லத்து வாசலில் நிறுத்தினாள். அவர் இறங்கவில்லை.

"இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா?"

டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இன்னொன்று என்றார். அதையும் சுற்றினாள். மூன்றாவது தடவை வாசலுக்கு வந்தபோது ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு படியில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெஸ்டி பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அட்ராக்டா எஞ்சினை அணைத்தாள். இறங்கி, காரைச் சுற்றிவந்து, அவர் பக்கத்துக் கதவை அவளே திறந்தாள்.