மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மன்னிப்பு

அந்தச் சனிக்கிழமை காலை, மகளின் கால்பந்து அணிப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி அணியின் கோல் கீப்பர். மறுநாள் பாளையங்கோட்டையில் அவளுக்கு ஒரு போட்டி இருந்தது. எல்லோரும் வாழ்த்துவார்கள் என்று நினைத்தேன். வாழ்த்தவும் செய்தார்கள். நடுவில் என் மனைவியின் அண்ணன் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து எழுதினார்: "படம் நல்லாருக்கு. வளந்த பிள்ளைக்கு இந்த அரை டவுசர் வேணுமா? பேண்ட் போட்டு ஆடக்கூடாதா?"

நான் பார்ப்பதற்கு முன்பே மகள் பதில் போட்டுவிட்டாள். "மாமா, போன கொடையில நீங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிற படமும் இதே குரூப்லதான் இருக்கு. அதப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கலையே."

அதன்பிறகு குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் மைத்துனரிடமிருந்தும் பதில் இல்லை. அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த வாரம் அவர்கள் ஊரில் கோயில் கொடை விழா. மொத்தக் குடும்பமும் அங்கே கூடும்.

நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவன். திங்கட்கிழமை ஒரு வாசகர் கூட்டத்தில் பேச்சுரிமை பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். மேஜையில் குறிப்புகள் விரித்தபடி கிடந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் மகளிடம், "மாமாட்ட மன்னிப்புக் கேளு. குரூப்லயே கேளு" என்றேன்.

"எதுக்குப்பா? நான் பொய் சொன்னேனா?"

"பொய்னு சொல்லல. பெரியவங்கட்ட பேசுத முறைன்னு ஒண்ணு இருக்கு."

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். தன் அண்ணனுக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "எங்க அண்ணன் கேட்டதுக்கு அவ பதில் சொல்லிருக்கா. நீங்க எதுக்குக் கெடந்து துடிக்கிய?"

"கொடைக்குப் போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?"

"உங்க மூஞ்சிக்காக அவ மன்னிப்புக் கேக்கணுமோ?"

பேச்சு வளர்ந்தது. சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் நான் குரலை உயர்த்தினேன். மன்னிப்புக் கேட்காவிட்டால் நாளைக்கு மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றேன். மகள் போனை எடுத்தாள். "சொல்லுங்கப்பா, அடிக்கேன்" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். விட்டுப்போன ஒரு ஒற்றெழுத்தைக்கூடச் சேர்க்கச் சொன்னேன்.

ஞாயிறு காலை நானே அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வழக்கமாக அவள் ஆடும்போது சுற்றுச்சுவருக்கு வெளியே குரல் கேட்கும். கோலுக்கு முன் நிற்பவளுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். யார் வருகிறார்கள், யாரை மறிக்க வேண்டும், எந்தப் பந்து தன்னுடையது என்று கத்திக்கொண்டே இருப்பாள். அன்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயர்ந்து வந்தது. இவள் எடுப்பாள் என்று முன்னால் நின்ற பெண் ஒதுங்கினாள். அவள் அடிப்பாள் என்று இவள் நின்றாள். இருவருக்கும் நடுவில் விழுந்த பந்தை எதிரணிப் பெண் தட்டி உள்ளே விட்டாள். அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

"ஏளா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று பெண் பயிற்சியாளர் திட்டினார். மகள் கையுறையைக் கழற்றிக்கொண்டே குனிந்து நின்றாள்.

திரும்பும் வழியில், "ஏன்மா கத்தல?" என்று கேட்டேன்.

"வரலப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனரைப் போனில் அழைத்தேன். நான் தொடங்குவதற்குள் அவரே சிரித்தார். "பிள்ள எழுதினதப் படிச்சிட்டு எம் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா, மாப்ள. எனக்கும் சிரிப்புத்தான். வயல்ல நின்னேன், வீட்டுக்கு வந்து பதில் போடலாம்னு பாத்தா அதுக்குள்ள மன்னிப்பு வந்துட்டு. அது அவ எழுத்து மாதிரி இல்லையே."

"நான்தான் எழுத வச்சேன், அத்தான்."

"என்னத்துக்கு வே?" என்றார்.

அரசாங்கம் ஒருவர் வாயை மூடினால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று வருடக்கணக்கில் வகுப்பில் சொல்லிவருகிறேன். என் மகள் காரணம் கேட்டாள். நான் மைதானத்தைக் காட்டி மிரட்டினேன். கோபப்படாத ஒரு மனிதருக்குப் பயந்து அதைச் செய்தேன். அவர் கோபப்பட்டிருந்தாலும் அது சரியாகியிருக்காது.

மகளிடம் போய், மாமாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கையுறையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். "மாமாட்ட தனியாச் சொன்னீய. என்னய எல்லாரும் பாக்கத்தான கேக்க வச்சீய?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நியாயம்தான். குழுவில் அவளிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுத அன்றே உட்கார்ந்தேன். கொடை முடியட்டும் என்று அழித்தேன். கொடைக்குப் போனோம். மாமாவும் மருமகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்போது மைதானத்தில் அவள் குரல் பழையபடி வெளியே கேட்கிறது. வீட்டில் என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு வரியை நான் இன்னும் எழுதவில்லை.